உள்பக்கத் தாழ்ப்பாள்

பிப்ரவரி 4

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். நான் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும், இந்தக் கடிதத்தைத் தாங்க உடம்பில் தெம்பு வேண்டும் அல்லவா.

இதை நானே எழுதுகிறேன். நூலகத்து மாடியில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தருகிறார்கள். பத்து மாதமாகப் போகிறேன். நாற்பது வருஷம் வெல்டிங் பிடித்த கை, முதலில் பேனாவை அழுத்தித் தாளைக் கிழித்தது. இப்போது கிழிவதில்லை. இந்தப் பக்கத்துக்கு இரண்டு நாள் ஆகியிருக்கிறது. என்ன சந்தோஷம் தெரியுமா! பேச்சு வாயை விட்டுப் போனால் போயிற்று. எழுத்தோ, நான் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தாலும் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

நீங்கள் போன மாதம் எழுதியதையும் நானே படித்தேன். "இரும்பு அடிப்பவர் கையில் உயிருள்ள எதையும் விட்டுவைக்கக் கூடாது. பூனையை உடனே என்னிடம் அனுப்பவும்." எவ்வளவு தெளிவான கையெழுத்து! ஓர் இடத்தில்கூட நான் தடுமாறவில்லை.

பிறகு ஒரு காரியம் செய்தேன். உங்களுக்குக் காது கேட்காது, போன் பிரயோஜனமில்லை. எனக்கு எழுத்து தெரியாது. அதனால் ஐந்து வருஷம், வெளிநாடு போகும் வரை, நீங்கள் எனக்கு எழுதுவதையெல்லாம் உங்கள் மகள், என் மருமகள், வாசித்துக் காட்டுவாள். நான் சொல்லும் பதிலையும் அவளே எழுதுவாள். அந்தக் கடிதங்கள் பிஸ்கட் டின்னில் இருந்தன. எடுத்துப் படித்தேன். "மாமா, உங்க இருமல் எப்படி இருக்குன்னு அம்மா ரொம்ப அக்கறையா கேட்டிருக்காங்க" என்று அவள் வாசித்த தாளில் இருப்பது இது: "நீங்கள் இருமிக்கொண்டே சாப்பிடுவதை நிறுத்தினால் என் மகள் நிம்மதியாகச் சாப்பிடுவாள்." இன்னொன்றில் என் வீட்டை இரும்புக் கிடங்கு என்கிறீர்கள். "வீடு ரொம்ப உறுதியா இருக்குன்னு அம்மா சொல்றாங்க மாமா" என்று அதை வாசித்தாள். நான் வெட்கப்பட்டுச் சிரித்தேன். இருபத்தேழு கடிதம். இருபத்தேழிலும் திட்டு. நான் இருபத்தேழு முறை நன்றி சொல்லியிருக்கிறேன்.

அந்த நன்றியோடு நான் சேர்த்துச் சொன்னது அவ்வளவு நல்ல வார்த்தை அல்ல. அதை என்னவாக எழுதினாள் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பூனை விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மகள் வளர்த்த மேனேஜர் எங்கேயும் வர மாட்டான். மகனும் மருமகளும் வேலைக்காகக் கடல் கடந்து போனபோது என்னை நம்பித்தான் விட்டுப் போனார்கள். ஜூலையில் ஒரு மாத லீவில் வருகிறார்கள். கிளம்பிய அன்றைக்கு விமான நிலையத்தில் என் மருமகள் சொன்னாள்: "மேனேஜர் எந்த வீட்ல இருக்கானோ அந்த வீட்லதான் லீவு முழுக்க இருப்பேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பக்கத்தில் நீங்கள் நின்றீர்கள். வேறு எதுவும் கேட்காத காதுக்கு அது மட்டும் கேட்டுவிட்டது. உங்கள் பூனைப் பாசம் அந்த நிமிஷம் பிறந்தது.

தெருவில் பஸ் ஓடுகிறது, பூனை அடிபடும் என்கிறீர்கள். சரி. அவன் வெளியே வெயிலில் இருக்க, தெருவுக்குப் போகாமல் இருக்க, பின்வாசலில் ஒரு கூண்டு கட்டப் போகிறேன். இரும்பு அடிப்பவனுக்கு அதுகூடத் தெரியாதா?

இப்படிக்கு,
சொந்தக் கையால், உங்கள் சம்பந்தி.


பிப்ரவரி 14

சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் வரும் வரை என் ரத்த அழுத்தம் சரியாக இருந்தது.

யாரையோ பிடித்து எழுதி வாங்கியிருக்கிறீர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். தாளின் பின்பக்கத்தைத் தடவினால் எழுத்து விரலில் தட்டுப்படுகிறது. இப்படி அழுத்த வேறு யாராலும் முடியாது. நம்புகிறேன்.

உங்கள் பழைய கடிதங்கள் என்னிடமும் இருக்கின்றன. "தங்கள் அன்புக்கு என்றும் கடமைப்பட்டவன்" என்று முடியும். இவ்வளவு வழுக்கும் மனிதன் வீட்டிலா பெண்ணைக் கொடுத்தேன் என்று ஒவ்வொரு முறையும் பயந்திருக்கிறேன். நீங்கள் வெறும் முரடர்தான் என்று தெரிந்ததில் எனக்கு ஆறுதல். என் மகளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. சின்ன வயதில் அவளுக்குக் கசப்பு மருந்தைச் சர்க்கரையில் குழைத்துக் கொடுத்தவள் நான்.

ஆம், எனக்கு அந்த ஒரு மாதம் வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு அவள் என் வீட்டில் சேர்ந்தாற்போல் மூன்று நாள் தங்கியதில்லை. இதை ஒளிக்க எனக்கு அவசியம் இல்லை.

ஆஸ்பத்திரியில் முப்பத்து நான்கு வருஷம் வார்டு பார்த்த தலைமை நர்ஸ் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். கூண்டுக்கு மேலேயும் மூடி வேண்டும், பூனை ஏறும். இரண்டு விரல் நுழையும் இடைவெளி எங்கும் இருக்கக் கூடாது. பாதி நிழல் வேண்டும், உயரத்தில் உட்காரப் பலகை வேண்டும். முக்கியமாக இரட்டைக் கதவு. நீங்கள் முதல் கதவைச் சாத்திய பிறகுதான் அடுத்தது திறக்க வேண்டும். தொற்றுநோய் வார்டில் அப்படித்தான் வைத்திருந்தோம். ஏப்ரல் முதல் வாரத்துக்குள் இது முடியவில்லை என்றால் நானே ரயிலேறி வந்து பூனையைக் கூடையில் எடுத்துப் போவேன்.

சம்பந்தி.


மார்ச் 3

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். நான் சுகம், இருமலும் சுகம்.

வேலை தொடங்கிவிட்டது. பின்வாசலில் தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே எட்டடிக்கு ஆறடி. சதுரக் கம்பி, கம்பிக்குக் கம்பி நாலு அங்குலம், நடுவில் பூ வேலை. இந்தப் பக்கத்து வீடுகளில் பாதி ஜன்னல் கிரில் நான் அடித்தது. ஒரு திருடன் அதில் நுழைந்ததில்லை.

கம்பி வாங்கிய கடைக்காரர், "என்ன பெரியவரே, இவ்வளவு கனத்துல? யாரையாவது ஜெயில்ல போடுறீங்களா?" என்றார். "பூனைக்குய்யா" என்றேன். "அப்படி என்ன தப்பு பண்ணுச்சு அது?" என்று கேட்டுக் கடை முழுக்கச் சிரித்தார்கள்.

மேனேஜர் உடனே பார்வையிட வந்தார். உங்களுக்குத் தெரியும், அந்தச் சாம்பல் உடம்பும் வெள்ளை வயிறுமாகத் தினம் காலையில் வீடு முழுக்கச் சுற்றி, எல்லாவற்றையும் முகர்ந்து பார்த்து, எதுவும் பிடிக்காமல் போய்ப் படுப்பதால்தானே உங்கள் மகள் அந்தப் பெயர் வைத்தாள். கம்பிகளுக்கு நடுவே உள்ளே போனார். வெளியே வந்தார். மறுபடி உள்ளே போனார். ஒரு குறையும் சொல்லவில்லை.

ஆனாலும் கம்பியின் மேல் சன்ன வலை ஒன்றையும் சுற்றிலும் அடித்துக்கொண்டிருக்கிறேன். அழகுக்காக.

இரட்டைக் கதவு முடியாது. இது வீடு, ஆஸ்பத்திரி அல்ல.

சம்பந்தி.


மார்ச் 13

சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நலம்.

அழகுக்காக வலை. நான்கு அங்குல இடைவெளியில் பூனை போய் வந்ததைப் பார்வையிட்டார் என்று எழுதும் தைரியத்தைப் பாராட்டுகிறேன். வகுப்பில் எழுத்தோடு கதை விடவும் சொல்லித் தருகிறார்களா? முடிந்ததும் படம் வரைந்து அனுப்புங்கள். எழுத்தில் மறைப்பவர் படத்தில் மாட்டிக்கொள்வார்.

இரட்டைக் கதவு வேண்டும்.

சம்பந்தி.


ஏப்ரல் 2

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். நான் மிகவும் சுகம். இந்தக் கடிதத்தைப் படித்த பிறகு உங்கள் சுகத்தை விசாரித்து எழுதுகிறேன்.

கூண்டு முடிந்தது. படம் இதோடு இருக்கிறது. மேலே வலை, பாதிக்குத் தகரம், உள்ளே மூன்று பலகை. நீங்கள் சொன்னதால் வைத்த பலகை அல்ல, எனக்கே தோன்றியது. மேனேஜர் மேல் பலகையில் படுத்துப் புறாக்களை மிரட்டுகிறான். ஒரு புறா தகரத்தின் மேல் வந்து நின்றால் இவன் பல் மட்டும் தந்தியடிக்கிறது. காலையில் நானும் உள்ளே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து செய்தித்தாளை உரக்கப் படிக்கிறேன். ஒரு பக்கம் முடிய ஒரு மணி நேரம். அவன் எழுந்து போவதில்லை. என் வாழ்க்கையில் இவ்வளவு பொறுமையாக நான் சொல்வதை யாரும் கேட்டதில்லை.

கதவு ஒன்றுதான். தாழ்ப்பாள் நானே அடித்தது, நல்ல கனமான கொண்டி, கையை வைத்து அழுத்தினால் வெண்ணெய் மாதிரி நகரும்.

ஆகையால் நீங்கள் ரயில் டிக்கெட் எடுக்க வேண்டாம். ஜூலை மாதம் உங்கள் மகளுக்கு என் வீட்டு மேசையில் தட்டு வைத்திருப்பேன். இருமாமல் சாப்பிடுகிறேன்.

சம்பந்தி.


ஏப்ரல் 9

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நலம் விசாரிக்க நேரமில்லை.

கதவின் தாழ்ப்பாளை உள்பக்கம் வரைந்திருக்கிறீர்கள். தவறி வரைந்ததா என்று பார்த்தேன். இல்லை, வெளியிலிருந்து கையை நுழைக்க வலையில் ஓர் ஓட்டையும் அதற்கு மூடியும் வரைந்திருக்கிறீர்கள். நாற்பது வருஷம் வீட்டுக்காரர் உள்ளேயும் திருடன் வெளியேயும் இருக்கும் கதவுகளைச் செய்த கை, இங்கேயும் அதையே செய்திருக்கிறது. உள்ளே இருப்பது யார் என்று ஒரு முறையாவது யோசித்தீர்களா? மேனேஜர் திருடனுக்குப் பயந்து தாழ் போட்டுக்கொள்ளவா? கொண்டிக்கு நேரே ஒரு பலகையும் போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள்.

இன்றே தாழ்ப்பாளை வெளியே மாற்றுங்கள். மாற்றும் வரை பூனையை உள்ளே விடாதீர்கள்.

சம்பந்தி.


ஏப்ரல் 20

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். நான் சுகம். நீங்கள் சுகமா?

தாழ்ப்பாளை வெளியே மாற்றிவிட்டேன். நீங்கள் சொன்னது சரி. வெயில் அதிகமாக இருக்கிறது. தகரத்தின் மேல் சாக்கு நனைத்துப் போட்டால் சூடு குறையும் என்று பக்கத்துக் கடையில் சொன்னார்கள். வகுப்பில் இப்போது பெரிய பத்திகளாக எழுதச் சொல்கிறார்கள். தண்ணீர்த் தொட்டியின் குழாய் ஒழுகியது, சரி செய்தேன். மற்றபடி எழுத விசேஷமில்லை.

சம்பந்தி.


மே 1

சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நலம்.

"நீங்கள் சொன்னது சரி" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

வார்டில் ஒரு நோயாளியின் வீட்டார் வெயிலைப் பற்றியும் குழாயைப் பற்றியும் பேச ஆரம்பித்தால் நான் நேரே கட்டிலுக்குப் போய்ப் பார்ப்பேன். உங்கள் கடிதத்தில் மேனேஜர் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

என்ன சாப்பிடுகிறான்? எங்கே படுக்கிறான்? திரும்பும் தபாலில் எழுதுங்கள்.

சம்பந்தி.


ஜூன் 3

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மே மாதக் கடிதங்கள் மூன்றும் வந்தன. முதலாவதை மட்டும்தான் பிரித்தேன்.

ஏப்ரல் பத்தாம் தேதி காலையில் மேனேஜரைக் கூண்டில் விட்டுவிட்டு ஸ்டூல் எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தபோது கதவு திறந்திருந்தது. பலகையில் நின்று காலால் கொண்டியை அழுத்தியிருக்கிறான். வெண்ணெய் மாதிரி நகரும் என்று உங்களிடம் பெருமை அடித்தேனே, அப்படித்தான் நகர்ந்திருக்கிறது. தாழ்ப்பாளை மாற்றச் சொன்ன உங்கள் கடிதம் இரண்டு நாள் கழித்து வந்தது. இரட்டைக் கதவு இருந்திருந்தால் முதல் கதவோடு நின்றிருப்பான். இந்த வரியை எழுதத்தான் இத்தனை நாள் ஆனது.

தினமும் தேடுகிறேன். பஸ் டிப்போவில் ஒவ்வொரு வண்டிக்கு அடியிலும் குனிந்து பார்த்தேன். காவலாளி, "பெரியவரே, நேத்தும் வந்தீங்க, முந்தாநாளும் வந்தீங்க. பூனை வந்தா நானே உட்கார வெச்சு டீ வாங்கிக் குடுக்குறேன், போங்க" என்றான். மார்க்கெட்டில் மீன் வெட்டும் இடத்தில் கேட்டேன். மாவு மில்லில் சாம்பல் பூனை ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள், ஓடினேன். அதற்கு வயிறு கறுப்பு. இருந்தாலும் இரண்டு முறை மேனேஜர் என்று கூப்பிட்டுப் பார்த்தேன்.

'காணவில்லை' என்று கையால் நாற்பது தாள் எழுதி ஒட்டினேன். டிப்போ சுவரில் ஒன்றை ஒட்டிவிட்டுத் திரும்பினால், ஓர் அம்மா நின்று அதை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். முன்பின் தெரியாத ஒருவர் நான் எழுதியதைப் படிப்பதை அன்றைக்குத்தான் முதல் முறை கேட்டேன். நல்ல குரல். முழுக்கப் படித்தாள்.

ஒவ்வொரு ஞாயிறும் போன் வருகிறது. "மேனேஜர் என்ன பண்றான் மாமா?" "தூங்குறாம்மா." ஏழு ஞாயிறாகத் தூங்குகிறான்.

பூனை இல்லாத வீட்டுக்கு அவள் ஏன் வர வேண்டும்? லீவு உங்களுக்கு. எடுத்துக்கொள்ளுங்கள்.

சம்பந்தி.


ஜூன் 12

சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். என் உடம்பு இருக்கிறபடி இருக்கிறது.

உங்களை நான் மன்னிக்கவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன். நான் சொன்னதில் ஒன்றைக் கேட்டிருந்தால்கூடப் போதும். அழகுக்கு வலை அடித்தவருக்கு அறிவுக்கு ஒரு கதவு அடிக்கத் தோன்றவில்லை.

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே என் மகளுக்கு எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். மேனேஜர் ஏப்ரலிலிருந்து என்னிடம் இருக்கிறான், கூண்டு சரியில்லை என்று நானே வந்து எடுத்துப் போனேன், உன்னிடம் சொன்னால் வருத்தப்படுவாய் என்பதால் மாமா போனில் 'தூங்குகிறான்' என்று சொல்லி வந்தார் என்று எழுதியிருக்கிறேன். ஆகவே அவள் என் வீட்டுக்கு வருவாள். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

வந்ததும் பூனை எங்கே என்பாள். போன வாரம் என் கையிலிருந்து நழுவி ஓடிவிட்டது என்பேன். நான் ஜன்னலைத் திறந்து வைத்தேன் என்பேன். அழுவாள், கத்துவாள், கத்துவது எனக்குக் கேட்காது. ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாலும் அவள் எனக்கு மகள்தான். உங்களுக்கு மருமகள்.

இதை நன்றி சொல்ல வேண்டிய விஷயமாக எடுத்துக்கொண்டு பதில் எழுதினால் படிக்காமல் கிழித்துப் போடுவேன்.

சம்பந்தி.


ஜூன் 24

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். நன்றி சொல்லவில்லை, தைரியமாகப் படிக்கலாம்.

நீங்கள் கெடுத்துவிட்டீர்கள். உங்களுக்கு எழுதிய அன்றே நான் என் மருமகளுக்கும் எழுதிவிட்டேன். கொண்டி, பலகை, டிப்போ, ஏழு ஞாயிறு, ஒன்றையும் விடவில்லை. அவளுக்கு என் கையால் எழுதிய முதல் கடிதம் அது. அது போய்ச் சேர்ந்த நாலாம் நாள் உங்கள் கடிதமும் போயிருக்கிறது. நேற்று போன் வந்தது.

"மாமா, தொலைஞ்சிட்டான்னு நீங்க எழுதுறீங்க. எங்கிட்டதான் இருக்கான்னு அம்மா எழுதுறாங்க. ரெண்டு பேர்ல யார் மாமா பொய் சொல்றது?"

"உங்க அம்மாதாம்மா."

அவள் அழுதாள். "எங்க தொலைஞ்சானோ அங்கதான் வருவேன். லீவு முழுக்க நானே தேடுவேன்" என்றாள். போனை வைக்கும்போது எப்போதும் "உடம்பைப் பாத்துக்கங்க மாமா" என்பாள். நேற்று சொல்லவில்லை. மகள் வேறு, மருமகள் வேறு என்று நீங்கள் எழுதியதை அப்போது மறுபடி எடுத்துப் படித்தேன்.

அந்த ஒரு மாதம் எனக்கு வந்துவிட்டது. இப்படி வருவதற்கு நான் கூண்டே கட்டியிருக்க வேண்டாம்.

உங்கள் மேல் எனக்குக் கடும் கோபம். என் தப்பை எடுத்துக்கொள்ள உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? எழுபத்தொரு வருஷம் எனக்காக மற்றவர்கள் எழுதினார்கள். என் தப்பையாவது நானே எழுத வேண்டாமா? நீங்கள் நல்லவராக இருப்பது எனக்குப் பழக்கமில்லை. இனி இருக்க வேண்டாம்.

அவர்கள் ஜூலை 9 காலை வருகிறார்கள். என் வீட்டில் நடு அறை காலியாக இருக்கிறது. கட்டில் இருக்கிறது, ஜன்னல் கிழக்குப் பக்கம். இது அழைப்பு அல்ல, தகவல்.

சம்பந்தி.


ஜூன் 29

சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நலம். தகவல் கிடைத்தது.

ஜூலை 5 மாலை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். அந்த இரைச்சலில் நீங்கள் கத்துவீர்கள், எனக்குக் கேட்காது, ஊரே வேடிக்கை பார்க்கும். நடு அறையில் துண்டு இரும்பு ஏதாவது கிடந்தால் வெளியே எடுத்துப் போடவும்.

உங்கள் ஜூன் 3 கடிதத்தை நான்கு முறை படித்தேன். டிப்போ, மார்க்கெட், மாவு மில். எல்லாம் தூரம். பயந்த பூனை தூரம் போகாது, பக்கத்திலேயே பதுங்கும். உங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கதவைக்கூட நீங்கள் தட்டியதாக எழுதவில்லை. எந்தெந்த வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லை என்று என்னிடம் சொல்ல வேண்டாம், ஊகிக்க முடிகிறது. அந்த வீடுகளுக்கு நான் போகிறேன். என்னிடம் யாரும் சண்டை போட முடியாது, எனக்குத்தான் கேட்காதே.

அவள் வருவதற்கு முன் நமக்கு முழுதாக மூன்று நாள் இருக்கிறது. உங்கள் தெருவில் உள்ள எல்லா வீடுகளையும் வரிசையாக எழுதி வையுங்கள். மெதுவாக எழுதுபவர், அதனால் இன்றே தொடங்குங்கள்.

சம்பந்தி.